பைக்குக்கு சைடு பேக் வாங்கப் போறீங்களா? லிட்டர் கணக்குக்கு முன்னாடி இந்த 6 விஷயங்களைப் பாருங்க!

காலை ஏழரை மணிக்கு குளச்சல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று, போகிற வருகிற பைக்குகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை தொங்கும். பெட்ரோல் டேங்க் மேல் லேப்டாப் பையோ பிள்ளையின் ஸ்கூல் பேக்கோ இருக்கும். கொத்தனார் வண்டியில் கரண்டியும் மட்டப்பலகையும் சாக்கில் சுற்றி சீட்டின் பின்னால் கட்டியிருக்கும். திங்கள்நகர் வழியாகத் தக்கலைக்கோ, கருங்கல் வழியாக மார்த்தாண்டத்துக்கோ, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகர்கோவிலுக்கோ தினமும் இப்படித்தான் போகிறார்கள்.

ஹேண்டில்பாரில் தொங்கும் பை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வளைவில் அது ஆடும்போது ஹேண்டிலையும் சேர்த்து இழுக்கும், பிரேக் பிடிக்கும்போது முன்னால் போய் இடிக்கும். முதுகில் மாட்டிய பேக் என்றால் தோள்வலி நிச்சயம், மழை வந்தால் முதலில் நனைவதும் அதுதான். "ஒரு சைடு பேக் வாங்கிப் போட்டா என்ன?" என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது.

எண்ணம் சரிதான். ஆனால் ஆன்லைனில் விலை குறைவாகக் கிடக்கிறதே என்று ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம் வண்டியோடு பொருந்தாமல் பரண்மேல் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. அதைவிட மோசம், பொருந்தாத பையை எப்படியோ கட்டிக்கொண்டு ஓட்டுவது. குறைந்த செலவில், குளச்சல் போன்ற கடற்கரை ஊரின் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்குகிற மாதிரி சைடு பேக் தேர்வு செய்வது எப்படி?

1. பின்னால் யார் உட்காருவார்கள்?

கடையில் முதலில் கேட்கிற கேள்வி "எத்தனை லிட்டர் வேணும்?" என்பதுதான். நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: என் வண்டியில் பின்னால் யார் உட்காருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள்?

சைடு பேக் விளம்பரங்களில் பெரும்பாலும் ஓட்டுபவர் ஒருவர் மட்டும் மலைப்பாதையில் போய்க்கொண்டிருப்பார். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கோ கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகும்போது பின்னால் சேலை கட்டியவர் இடது பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார். அந்த இடது பக்கத்தில்தான் சாரி கார்டும் கால் வைக்கும் தட்டும் இருக்கின்றன. அதே இடத்தில் ஒரு பெரிய பையைத் தொங்கவிட்டால் அவர் காலை எங்கே வைப்பார்?

இடம் கிடைக்கிறதே என்று சிலர் சாரி கார்டைக் கழற்றிவிட்டு பையை மாட்டுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதிப்படி, பின் இருக்கை உள்ள பைக்கில் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. தடுப்பு கட்டாயம் ஆனதே அதனால்தான்.

வாரம் முழுக்கத் தனியாக ஓட்டி, ஞாயிறு மட்டும் குடும்பத்தோடு போகிறவரா நீங்கள்? இரண்டு நிமிஷத்தில் கழற்றி மாட்டும் பைதான் உங்களுக்குச் சரி. தினமும் பின்னால் ஆள் உட்காருவார் என்றால் சைடு பேக்கை மறந்துவிட்டு, சீட்டுக்குப் பின்னால் கேரியரில் வைக்கும் சின்னப் பெட்டியைப் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்கும் அளவு உண்டு. 2020-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 123-வது விதியில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பைக்கில் வைக்கும் எடை குறைந்த பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 மில்லிமீட்டர் அகலம், 500 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. பின் இருக்கையின் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம். இருக்கைக்குப் பின்னால் வைத்தால் இருவர் போகலாம்.

2. வண்டி எவ்வளவு சுமக்கும்?

இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. 100 முதல் 125 சிசி வரையிலான சாதாரண பைக்குகள் பலவற்றில், வண்டி ஏற்கும் மொத்தச் சுமை சுமார் 130 கிலோதான். வண்டியோடு வந்த கையேட்டில் உங்கள் மாடலுக்கான அளவு இருக்கும். இந்த 130 கிலோவில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், பை, பைக்குள் இருக்கும் சாமான், மாட்டுகிற இரும்பு ஸ்டே எல்லாமே அடக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுபவர் 70 கிலோ, பின்னால் இருப்பவர் 55 கிலோ. அதிலேயே 125 ஆகிவிட்டது. மிச்சம் 5 கிலோ. இரும்பு ஸ்டேயும் காலிப் பையும் சேர்ந்தாலே அந்த 5 கிலோவைத் தொட்டுவிடும்.

லிட்டர் கணக்கு புரிய ஒரு எளிய வழி, வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன். அது 20 லிட்டர். '50 லிட்டர் ஜோடி' என்றால் இரண்டரை கேன் அளவு இடம். அவ்வளவு இடம் இருந்தால் நாம் அதை நிரப்பாமல் விடமாட்டோம் என்பதுதான் பிரச்சினை. டிபன் பாக்ஸ், ரெயின்கோட், ஒரு செட் துணி, லேப்டாப் போன்றவற்றுக்குப் பக்கத்துக்கு 12 முதல் 15 லிட்டர் தாராளம். இரண்டு மூன்று நாள் பயணம் போகிறவருக்கு 20 முதல் 25.

சுமை ஏறினால் பின் டயரின் காற்றையும் கூட்ட வேண்டும். தனியாக ஓட்டும்போது ஒரு அளவு, ஆளோடு ஓட்டும்போது ஒரு அளவு என்று கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் கவர் ஸ்டிக்கரிலும் போட்டிருக்கும்.

3. எதில் மாட்டுவது?

சைடு பேக்கில் உயிரோடு விளையாடும் விஷயம் இதுதான். பை கிழிந்தால் பணம்தான் போகும். பை சக்கரத்துக்குள் போனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

துணியால் ஆன பைகள் பெரும்பாலும் ஜோடியாக வரும். சீட்டின் குறுக்கே பட்டை போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட வேண்டும். அந்தக் காலத்துப் பொதி மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கியதே, அதே ஏற்பாடு. மாட்டின் விலாப் பக்கம் சுழலும் சக்கரம் எதுவும் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

காலிப் பையை மாட்டிப் பார்த்தால் சக்கரத்துக்கும் பைக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரியும். சாமான் ஏறியதும் பை உள்பக்கமாகச் சாயும். பின்னால் ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கி, பை இன்னும் கீழே வரும். ஒரு குழியில் இறங்கினால் மிச்ச இடைவெளியும் போய்விடும். அதனால்தான் 'சேடில் ஸ்டே' என்ற இரும்புச் சட்டம் அவசியம். அது பையைச் சக்கரம் பக்கம் போகவிடாமல் தடுத்து நிற்கும்.

உங்கள் மாடலுக்கென்றே போல்ட் போட்டு மாட்டுகிற ஸ்டே கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்கவில்லை என்றால் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: சட்டத்தை வண்டியின் சேஸியில் நேரடியாக வெல்டிங் வைக்கவிடாதீர்கள். வெல்டிங் சூடு அந்த இடத்தின் வலுவைக் கெடுக்கும். கேரியர், ஷாக் அப்சார்பர், கைப்பிடி போல்ட் இருக்கும் இடங்களிலேயே பிளேட் வைத்து மாட்டச் சொல்லுங்கள்.

வலது பக்கம் இன்னொரு ஆபத்து, சைலன்சர். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் அது வலது பக்கம்தான். ரெக்சின், தார்ப்பாய் போன்ற பிவிசி பூசிய துணிகள் 100 டிகிரிக்குக் கீழேயே இளக ஆரம்பித்துவிடும். சைலன்சர் மேல்நோக்கித் தூக்கிய மாடல் வண்டி வைத்திருந்தால் தொங்கவிடும் பை உங்களுக்கு ஒத்துவராது. மற்ற வண்டிகளில் பையின் அடிப்பாகத்துக்கும் சைலன்சருக்கும் நடுவே, சாமான் ஏற்றிய பிறகும் குறைந்தது நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் சோதிக்கலாம், செலவே இல்லை. பையின் நீளம், உயரம், அகலம் விளம்பரத்தில் போட்டிருக்கும். பழைய அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி மடக்கி, வண்டியில் கயிற்றால் கட்டிப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். இண்டிகேட்டர் மறைகிறதா? பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் தெரிகிறதா? கிக்கர் அடிக்க முடிகிறதா? உட்கார்ந்தவரின் கால் தட்டுகிறதா? எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

4. மழைக்குத் தாங்குமா?

தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான் பெரிய மழைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும் உண்டு. ஆகவே இங்கே மழைக்குத் தாங்குவது என்பது கூடுதல் வசதி இல்லை, அடிப்படைத் தேவை.

விளம்பரத்தில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருந்தால் தூறலுக்குத் தாங்கும் என்றுதான் அர்த்தம். 'வாட்டர் புரூஃப்' என்றால்தான் தண்ணீர் உள்ளே போகாது. துணி நல்லதாக இருந்தாலும், ஊசி போன ஒவ்வொரு தையல் ஓட்டையும் ஒரு வாசல். தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா, அல்லது தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாயை மூன்று சுற்று உருட்டி கிளிப் போடுகிற பை, ஜிப் வைத்த பையைவிட மழைக்கு நன்றாகத் தாங்கும்.

பையோடு இலவசமாக வரும் ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள். வேகமாகப் போனால் காற்றில் உப்பி, கழன்று பறந்துவிடும். சக்கரம் கீழிருந்து வாரி அடிக்கும் தண்ணீரையும் அது தடுக்காது. சில கவர்களில் தண்ணீர் அடியில் தேங்கி, பை அதிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

இதற்குக் குறைந்த செலவில் ஒரு வழி, பைக்குள் இன்னொரு பை. கனமான பிளாஸ்டிக் கவரோ, டிரெக்கிங் போகிறவர்கள் வைத்திருக்கும் 'டிரை பேக்' உறையோ உள்ளே போட்டு, அதற்குள் சாமானை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். வெளிப்பை நனைந்தாலும் உள்ளே இருப்பது நனையாது. ஆதார், சான்றிதழ், பாங்க் பேப்பர் எதையாவது எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் போகிறீர்கள் என்றால், பை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

துணியின் தடிமனை 'டெனியர்' என்று சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுதான் டெனியர். 600 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம். எண் கூடக் கூட நூல் தடிக்கும். தினசரி உபயோகத்துக்கு 600 போதும். கருவிகள் கொண்டு போகிறவர்கள் 1,000-க்கு மேல் பாருங்கள்.

5. உப்புக்காற்றுக்கு என்ன செய்வது?

கடற்கரையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் எதுவும் தப்பாது. சைடு பேக்கில் துணிக்கு உப்பால் பெரிய கேடு இல்லை. உலோகம்தான் முதலில் போகும்.

மெட்டல் ஜிப் வேண்டாம். கொஞ்ச நாளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து இறுகிவிடும். தடித்த பிளாஸ்டிக் பல் உள்ள ஜிப்பாகவோ, பிளாஸ்டிக் கிளிப்பாகவோ வாங்குங்கள். பட்டை தைக்கும் இடத்தில் உள்ள வளையங்களையும் பாருங்கள். இரும்பு வளையம் துருப்பிடித்து உடைந்தால் பை நடுரோட்டில் விழும்.

ஸ்டேயைச் சாதாரண இரும்பில் செய்தால் பவுடர் கோட்டிங் போடச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்த மூட்டுகளில்தான் துரு முதலில் தொடங்கும். போல்டும் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், மாட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பையையும் ஸ்டேயையும் கழுவி, நிழலில் காயவிட்டால் ஆயுள் கூடும்.

மீன் கொண்டு போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சைடு பேக் மீனுக்கும் ஐஸுக்கும் ஏற்றது அல்ல. வாடை தையலுக்குள் ஏறினால் போகாது. ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் செயின், ஸ்விங் ஆர்ம், வீல் ரிம் எல்லாவற்றையும் அரித்துவிடும். மூடி இறுக்கமாக உள்ள, தண்ணீர் வடியாத பிளாஸ்டிக் பெட்டியை கேரியரில் வைப்பதுதான் வழி.

6. எவ்வளவு செலவாகும்?

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். தோராயமாக நான்கு படிகள் இருக்கின்றன.

*சீட் கவர் கடை:* ரெக்சினிலோ தார்ப்பாயிலோ அளவு சொல்லித் தைத்து வாங்குவது. சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து சொச்சம் வரை ஆகலாம். உங்கள் வண்டிக்கே அளவெடுத்துத் தைப்பதால் பொருத்தம் நன்றாக இருக்கும். பட்டை சேரும் இடங்களில் இரட்டைத் தையலும், உள்ளே ஒரு ஒட்டுத் துணியும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிய்வது அங்கேதான். அடிப்பாகம் விறைப்பாக இருக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் வைக்கலாம்.

*இந்திய நிறுவனங்களின் துணிப் பைகள்:* வியாடெரா, ரைனாக்ஸ், கார்டியன் கியர்ஸ் போன்றவை. ஜோடி மூவாயிரத்திலிருந்து ஏழெட்டாயிரம் வரை பட்ஜெட் வைத்துக்கொள்ளுங்கள். நெடும்பயணம் போகிறவர்களுக்குச் சரியான தேர்வு.

*பிளாஸ்டிக் சைடு பாக்ஸ்:* பூட்டு இருக்கும், மழைக்குத் தாங்கும். ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் என்று வெளியே வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் அகலம் கூடும். நெருக்கடியான சந்தில் நுழையும்போது பெட்டி பின்னால் இருப்பதை மறக்கக் கூடாது.

*அலுமினியப் பெட்டிகளும் இறக்குமதி வகைகளும்:* ஸ்டேயோடு சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போகும். தினமும் 20 கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு அவசியமில்லை.

பட்ஜெட் போடும்போது பையின் விலையை மட்டும் எழுதாதீர்கள். ஸ்டே, உள் உறை இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். கையில் மூவாயிரம் ரூபாய் இருந்தால், அதை முழுக்கப் பைக்கே கொடுத்துவிட்டு ஸ்டே இல்லாமல் ஓட்டுவதைவிட, ஆயிரம் ரூபாய்ப் பையும் நல்ல ஸ்டேயும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

மாட்டியாச்சு, அப்புறம்?

இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும். கனமானது அடியிலும், முடிந்தவரை ஓட்டுபவர் பக்கமாகவும் போகட்டும். பின்சக்கரத்தின் அச்சைத் தாண்டிப் பின்னால் எடை போனால் ஹேண்டில் லேசாகிவிடும், வளைவில் பிடிப்பு குறையும். சாமான் ஏற்றும்போது சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் எடை ஏற்றினால், அதுவும் கடற்கரை மணலில், வண்டி சாய்ந்துவிடும்.

தொங்கும் பட்டை நுனிகளை மடக்கி டேப் ஒட்டுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். செயினிலும் ஸ்போக்கிலும் முதலில் சிக்குவது அந்த நுனிதான். முதல் நாள் மாட்டியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டை கட்டாயம் நெகிழும். பெட்ரோல் பாட்டிலைச் சைலன்சர் பக்கத்துப் பையில் வைக்கவே கூடாது. வண்டியை விட்டுப் போகும்போது பர்ஸையும் பேப்பர்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், துணிப்பையைத் திறக்கச் சாவி தேவையில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "எனக்கு சைடு பேக்கே வேண்டாம், பின்னால் ஒரு சின்னப் பெட்டி போதும்" என்று நீங்கள் முடிவு செய்தால் அதுவும் நல்ல முடிவுதான். ஹேண்டில்பாரில் தொங்கும் அந்தச் சாப்பாட்டுப் பை மட்டும் நாளைக் காலையிலிருந்தே இடம் மாறட்டும்.